ஃபொஸ்டர் கேரரா, ஷோர்ட் பிரேக் கேரரா? ஹரோவிலிருந்து கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி: லண்டன் ஹரோவில் வாடகை வீட்டில் நான், கணவர், மாமி மூவரும் இருக்கிறோம். ஒரே மகள் போன செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போய்விட்டாள். அவளுடைய அறை காலியாகக் கிடக்கிறது. ஃபொஸ்டர் கேரர், அதாவது கவுன்சில் (உள்ளூராட்சி சபை) பொறுப்பில் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பவர், ஆகலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. இயலாமை உள்ள பிள்ளைகளை மாதத்தில் சில நாள் மட்டும் பார்க்கிற ஷோர்ட் பிரேக் என்று ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டோம். எங்களுக்கு எது சரிவரும்? தமிழ்ப் பிள்ளையாகத் தருவார்களா?

பதில்:

தங்கச்சி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு நிலைமைக்கு ஷோர்ட் பிரேக்கில் தொடங்குவதுதான் நல்லது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நான் பதினொரு வருடமாக இதில் இருக்கிறேன். முதல் நாலு வருடம் ஷோர்ட் பிரேக், பிறகு முழுநேர ஃபொஸ்டரிங். நான் சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் யார் என்று தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். அது நாங்கள் கட்டாயம் காக்க வேண்டிய ஒழுங்கு.

இந்த யோசனையை வெளியில் சொன்னவுடனே சொந்தக்காரர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "தத்தெடுக்கப் போறியளோ?" என்பதுதான். இல்லை. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி உங்களுடையது. ஃபொஸ்டரிங்கில் பிள்ளை உங்கள் வீட்டில் பத்து வருடம் வளர்ந்தாலும் வேறொரு குடும்பத்தின் பிள்ளைதான். 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. பெற்றோரே சம்மதித்து, அல்லது பார்க்க ஆளில்லாமல், பிள்ளையைக் கவுன்சில் பொறுப்பில் விடுவது 20ஆம் பிரிவு. அப்போது பெற்றோரின் உரிமை அப்படியே அவர்களிடம் இருக்கும். நீதிமன்றம் 31ஆம் பிரிவின் கீழ் உத்தரவு போட்டால் கவுன்சிலும் பெற்றோரும் அந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வார்கள். இரண்டு வழியிலும் கேரருக்கு அந்த உரிமை வராது. தலைமுடி வெட்டலாமா, சிநேகிதி வீட்டில் இரவு தங்க விடலாமா, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடலாமா என்பதையெல்லாம் யார் தீர்மானிப்பது என்று பிள்ளை வரும்போதே எழுதிக்கொள்வார்கள்.

இது மனதில் பதிவதற்கு எனக்கு நீண்ட நாள் பிடித்தது. ஒரு பெண்பிள்ளை வந்து மூன்றாம் மாதம், தலை நிறையப் பேன். நான் யோசிக்காமல் முடியைக் கட்டையாக வெட்டிவிட்டேன். அடுத்த சந்திப்பில் தாய் அதைப் பார்த்துவிட்டு அழுதார். மகளுக்காக அவர் கையில் மிச்சம் இருந்த ஒரே வேலை அந்தத் தலையைப் பின்னி விடுவதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைக்கும் அது தாயின் கை தொட்ட முடி. அதற்குப் பிறகு சந்திப்புக்கு முதல்நாள் தலை கழுவி, எண்ணெய் வைக்காமல், சீப்பையும் றிபனையும் பையில் போட்டு அனுப்புவேன். தாயே பின்னி விடட்டும் என்று.

2024 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் 83,630 பிள்ளைகள் கவுன்சில்களின் பராமரிப்பில் இருந்தார்கள். அவர்களில் 67 வீதமானோர் ஃபொஸ்டர் வீடுகளில். அவர்களில் ஒரு பகுதியினர் சில வாரங்களிலோ மாதங்களிலோ தங்கள் குடும்பத்திடமே திரும்பிப் போவார்கள். நீங்கள் பிள்ளையை வளர்த்து, பிறகு நல்ல முகத்தோடு கையசைத்து அனுப்ப வேண்டிவரும். அந்த அனுப்புதல் உங்களால் முடியுமா என்று இப்போதே உங்களுக்கு நீங்களே கேட்டுப் பாருங்கள்.

சரி, ஷோர்ட் பிரேக்.

ஓட்டிசம், கடுமையான வலிப்பு, நடக்க முடியாமை, குழாய் வழியாகச் சாப்பாடு என்று தேவைகள் அதிகமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு வருடக்கணக்கில் ஒரு முழு இரவுத் தூக்கம் கிடைப்பதில்லை. மாதத்தில் ஒரு வார இறுதியோ, கிழமையில் ஒரு பின்னேரமோ, விடுமுறையில் நாலு நாளோ பிள்ளை வேறொரு வீட்டில் பாதுகாப்பாக இருந்தால் அந்தக் குடும்பம் தாக்குப்பிடிக்கும். அந்த "வேறொரு வீடு" நீங்கள். பெற்றோர் பெற்றோராகவே இருப்பார்கள். யாரும் பிள்ளையைப் பறிக்கவில்லை, நீதிமன்றமும் அநேகமாக இல்லை. இரவு தங்கும் ஏற்பாட்டுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: ஒரு தடவையில் 17 நாளுக்கு மேல் போகாமல், பன்னிரண்டு மாதத்தில் மொத்தம் 75 நாளைத் தாண்டாமல், ஒரே கேரரிடம் இருந்தால்தான் அது ஷோர்ட் பிரேக்காகக் கணக்கில் வரும். அதைத் தாண்டினால் முழுப் பராமரிப்பிலுள்ள பிள்ளைக்குரிய விதிகள் எல்லாம் வந்துவிடும்.

2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். இடைவேளை இல்லாவிட்டால் பராமரிப்பையே கைவிட்டுவிடுவார்கள் என்ற நிலையில் உள்ள பெற்றோரை மட்டும் நினைத்தால் போதாது, இடைவேளை கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்க்கக்கூடிய பெற்றோரையும் கவுன்சில் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது அது. அதாவது தாய் நொறுங்கி விழும்வரை காத்திருக்கக் கூடாது. நம் சமூகத்தில் இப்படியான பிள்ளை உள்ள தாய்மார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "என்ரை பிள்ளையை நான்தான் பார்க்கோணும், கேட்டால் வெட்கம்" என்று பதினைந்து வருடம் வெளியே தலைகாட்டாமல் இருந்த அம்மாக்களை நான் சந்தித்திருக்கிறேன். ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியில் என்னென்ன ஷோர்ட் பிரேக் உண்டு, யாருக்குக் கிடைக்கும் என்ற அறிக்கையை வெளியிட வேண்டும் என்பது சட்டம். கேட்பது உரிமை.

எங்களிடம் முதலில் வந்தவன் ஒன்பது வயதுப் பையன். பேச்சு இல்லை. சைகையில் ஏழெட்டுச் சொல். வந்த முதல் சனிக்கிழமையே இரவு தங்க விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். முதலில் நாங்கள் அவன் வீட்டுக்குப் போனோம். பிறகு அவன் தாயோடு தேநீருக்கு வந்தான். பிறகு தாய் இல்லாமல் இரண்டு மணித்தியாலம், பிறகு ஒரு பகல். எங்கள் வீட்டு வாசல், படிக்கட்டு, அவன் படுக்கப் போகும் கட்டில், கழிப்பறை எல்லாவற்றையும் படமெடுத்துச் சின்னப் புத்தகமாகக் கொடுத்திருந்தோம். தாய் அதைத் தினமும் படுக்கும்போது அவனுக்குக் காட்டினார். ஆறாவது கிழமைதான் முதல் இரவு. அன்றும் அவன் தூங்கவில்லை. படிக்கட்டில் இருந்து விடியும்வரை வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் கணவரும் மாறி மாறி அவன் பக்கத்தில் இருந்தோம். மூன்றாம் மாதம் வந்தபோது நேரே போய்த் தன் கட்டிலில் ஏறிப் படுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டிப்போக வந்த தாய், மூத்த மகளைப் படம் பார்க்கக் கூட்டிப்போனதாகச் சொன்னார். அந்தப் பெண்பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மாவோடு தனியாக வெளியே போனது அதுதான் முதல் தடவையாம்.

நடைமுறையில் நீங்கள் கற்க வேண்டியவை பல. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கன்னத்துக்குள் விடும் மிடாசோலம் என்ற மருந்தை எப்படிக் கொடுப்பது, எப்போது அவசர உதவி எண் 999க்கு அழைப்பது, வயிற்றுக் குழாயில் பால் விடுவது, தூக்கும் கருவியை இயக்குவது என்று பிள்ளைக்குத் தேவையானதைத் தாதியர் வந்து பழக்குவார்கள். பழக்கி, நீங்கள் செய்வதைப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிள்ளை வரும். ஒன்றை மட்டும் கட்டாயம் நினைவில் வையுங்கள்: மருந்துத் தாளை ஒவ்வொரு தடவையும் தாயோடு சேர்ந்து வாசியுங்கள். ஒருமுறை எங்களிடம் வந்த தாளில் பழைய அளவு இருந்தது. டொக்டர் மாற்றி இரண்டு மாதம் ஆகியும் அலுவலகத்தில் யாரும் திருத்தவில்லை. வாசலில் நின்று தாயைக் கேட்டதால் தப்பினோம்.

உங்களுக்கு இது ஏன் பொருந்தும் என்றால், இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், வார இறுதி கையில் இருக்கிறது. மகளும் விடுமுறைக்கு வருவாள். முழுநேர ஃபொஸ்டரிங் என்றால் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்பது இங்கே பொதுவான தரம். அந்த அறை வருடம் முழுவதும் அந்தப் பிள்ளைக்குத்தான். நத்தாருக்கு மகள் வந்து கூடத்தில் பாய் விரித்தால் அவளுக்கும் மனம் நோகும், பிள்ளைக்கும் தான் இடத்தைப் பிடித்துக்கொண்டதாகத் தோன்றும். ஷோர்ட் பிரேக்கில் திகதிகளை மாதக்கணக்கில் முன்கூட்டியே குறிப்பதால் இதைச் சமாளிக்கலாம்.

வாடகை வீடு தடை இல்லை. வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள், ஒப்பந்தம் நிலையானதா என்று பார்ப்பார்கள். வயதுக்கும் மேல் வரம்பு கிடையாது. பெரும்பாலான இடங்களில் 21 வயது ஆகியிருந்தால் போதும். தனியாக வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டுக்கும் மதிப்பீடு ஏறக்குறைய ஒன்றுதான். இரவு தங்க வைக்கும் ஷோர்ட் பிரேக் கேரரும் ஃபொஸ்டர் கேரராகத்தான் அங்கீகரிக்கப்படுவார். முதல் கட்டத்தில் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை, ஜிபியிடம் (குடும்ப டொக்டரிடம்) மருத்துவ அறிக்கை, உங்களை அறிந்தவர்களின் சாட்சியம். வெளிநாட்டில் வாழ்ந்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் கேட்கலாம். கொழும்பிலிருந்து எடுக்க நாளாகும் என்பதால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இரண்டாம் கட்டத்தில் ஒரு சோஷல் வேர்க்கர் பல தடவை வீட்டுக்கு வந்து கதைப்பார். அதைத்தான் ஃபோர்ம் எஃப் என்று எல்லாரும் சொல்வார்கள். நடுவில் இரண்டு மூன்று நாள் ஆயத்தப் பயிற்சி. கடைசியில் ஒரு பேனல் (ஆய்வுக் குழு) முன் போய் இருப்பீர்கள். அது பரிந்துரை செய்யும், முடிவெடுக்கும் அதிகாரி தீர்மானிப்பார். நாலிலிருந்து ஆறு மாதம் சாதாரணமாக ஆகும். மறுத்தால் 28 நாளுக்குள் எதிர்ப்பைத் தெரிவிக்கலாம், அல்லது சுயாதீன மீளாய்வுக்குப் போகலாம்.

அந்த இரண்டாம் கட்டம்தான் நம்மவர்கள் பலர் விலகிப்போகும் இடம். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைப் பருவம் எப்படி? அப்பா கோபக்காரரா? கல்யாணம் எப்படி நடந்தது? சண்டை வந்தால் யார் முதலில் கதைப்பது? யாரை இழந்தீர்கள்? எப்படி ஆறினீர்கள்? முன்பின் தெரியாத ஒருத்தி எங்கள் சோபாவில் இருந்து இதையெல்லாம் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. "எல்லாம் நல்லாத்தான் இருந்தது" என்று இரண்டு கிழமை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாக இருந்தார். மூன்றாம் கிழமை, 95 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் எல்லாரும் புறப்பட்டதைச் சொன்னேன். எனக்குப் பதினான்கு வயது. மழை. செம்மணிப் பக்கம் காலடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எங்கள் ஐந்து பேருக்கும் தங்கள் வீட்டு விறாந்தையைத் தந்தது. அங்கே இருந்த மாதங்களில் நான் ஒருநாளும் இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை. பசித்தது. ஆனாலும் கேட்கவில்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. கேட்காமலே கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் அப்பால் போய்விடுவார்.

சோஷல் வேர்க்கர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். அவருக்குக் குறையில்லாத வாழ்க்கை தேவைப்படவில்லை. கஷ்டத்தை நீங்கள் எப்படித் தாண்டினீர்கள், அதைப் பற்றி உங்களால் பேச முடிகிறதா என்பதுதான் தேவை. கறுப்புக் குப்பைப் பையில் உடுப்புகளோடு இரவு பதினொரு மணிக்கு வாசலில் நிற்கும் பிள்ளை உங்களிடம் எதுவும் கேட்காது. கேட்காமல் இருப்பதைக் கவனிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். போரைப் பற்றிச் சொன்னால் "மனம் பாதிக்கப்பட்டவர்" என்று எழுதித் தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரியவந்தால்தான் சிக்கல்.

அடுத்தது அடி. "அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். ஃபொஸ்டர் கேரர் எந்தப் பிள்ளையையும், எந்த வடிவத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் அடிக்கக் கூடாது. தலையில் குட்டுவது, காதைத் திருகுவது, "இன்றைக்குச் சாப்பாடு இல்லை" என்பது எதற்கும் இடமில்லை. அங்கீகாரம் கிடைக்கும்போது எழுத்தில் ஒப்புக்கொள்வீர்கள். இதை ஒரு வெள்ளைக்காரச் சட்டம் என்று மட்டும் நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே அடி வாங்கி வந்த பிள்ளைக்கு, நீங்கள் கோபத்தில் கையை உயர்த்துவதே போதும். எங்கள் வீட்டில் ஒரு பையன், நான் மேல் தட்டிலிருந்து மாவு டப்பா எடுக்கக் கையைத் தூக்கியபோது மேசைக்குக் கீழே ஒளிந்தான். அதற்குப் பிறகு அவன் இருக்கும் நேரம் மேல் தட்டில் நான் எதுவும் வைப்பதில்லை. உங்கள் மகளை நீங்கள் அடித்திருந்தால் அதையும் மதிப்பீட்டில் சொல்லுங்கள், இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மகளிடமும் கேட்பார்கள்.

தினமும் குறிப்பு எழுத வேண்டும், ஆங்கிலத்தில். சாப்பிட்டது, தூங்கியது, சொன்னது, அழுதது. இலக்கியமாக எழுதத் தேவையில்லை. ஆனால் ஒன்றை நினைத்து எழுதுங்கள்: அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு தன் கோப்பைக் கேட்டு வாசிக்கலாம். "இன்றும் அடம் பிடித்தான்" என்று எழுதுவதற்கும், "அம்மாவின் போன் வரவில்லை, அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான்" என்று எழுதுவதற்கும் இடையில் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது.

மரக்கறி விஷயம். அதற்காக மறுக்க மாட்டார்கள். ஆனால் கேள்வி கேட்பார்கள். சிக்கன் நகெட்ஸ் மட்டுமே சாப்பிடும் ஓட்டிசப் பிள்ளைக்கு உங்கள் சமையலறையில் அதைச் சூடாக்கிக் கொடுப்பீர்களா? நம் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் சிநேகிதி ஒருத்தி தனியாக ஒரு சின்ன ஒவனும் இரண்டு தட்டும் வாங்கி வைத்தாள். இன்னொருத்தி முடியாது என்று நேரே சொன்னாள், அவளுக்குக் குஜராத்தி மரக்கறிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று பொருந்தியது. இரண்டும் நேர்மையான வழி. பேனலுக்காகச் சரி என்றுவிட்டுப் பிள்ளை வந்த பிறகு முகம் சுளிப்பதுதான் கூடாது. கோயிலுக்கும் இதே மாதிரித்தான். நீதிமன்ற உத்தரவின் கீழுள்ள பிள்ளையை வேறு மதத்தில் வளர்க்கக் கவுன்சிலுக்கே அதிகாரம் இல்லை. திருவிழாவுக்குக் கூட்டிப்போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். திருநீறு பூசி விடாதீர்கள்.

தமிழ்ப் பிள்ளை தருவார்களா என்று கேட்டீர்கள். பிள்ளையின் மதம், இனப் பின்னணி, பண்பாடு, மொழி ஆகியவற்றுக்கு உரிய கவனம் கொடுக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே தமிழ்ப் பிள்ளை ஒன்று பராமரிப்புக்கு வந்து, அந்தக் கவுன்சிலில் தமிழ் வீடு ஒன்றும் பட்டியலில் இருந்தால் உங்கள் பெயர் முதலில் வரும். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்காக மட்டும் காத்திருந்தால் அறை காலியாகவே கிடக்கும். தனியாக அகதியாக வரும் பிள்ளைகள் 2024 மார்ச்சில் 7,380 பேர் பராமரிப்பில் இருந்தார்கள். பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். இன்று அதிகம் வருவது ஆப்கானிஸ்தான், சூடான், எரித்திரியா, வியட்நாம் போன்ற இடங்களிலிருந்து. என் வீட்டில் இருந்த எரித்திரியப் பையனுக்கும் எனக்கும் பொதுவான மொழி கிடையாது. முதல் கிழமை முழுவதும் கைபேசி மொழிபெயர்ப்பில் காலம் ஓடியது. ஆனால் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்போம். அவன் அதைக் கவனித்தான். ஒருநாள் "யூ டூ?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் அறைக் கதவைப் பூட்டவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு விஷயம் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படும். ஊரிலிருந்து ஒரு பிள்ளையைப் படிக்க அனுப்பி, இங்கே சொந்தக்காரர் வீட்டில் விடுவது நம்மிடையே வழக்கம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளை (இயலாமை இருந்தால் 18), நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் அது தனியார் ஃபொஸ்டரிங். கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும், முன்பே தெரிந்தால் ஆறு கிழமைக்கு முன். அறிவிக்காமல் விடுவது குற்றம். நெருங்கிய உறவு என்றால் பாட்டன், பாட்டி, சகோதரர், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், அவர்களின் துணைவர், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தகப்பன். அவ்வளவுதான். நமக்கு அப்பாவின் சித்தப்பா மகனும் சித்தப்பாதான். இந்தச் சட்டத்துக்கு அவர் சித்தப்பா இல்லை. அம்மம்மாவின் தங்கச்சியும் இல்லை. 2000 பெப்ரவரியில் லண்டனில் எட்டு வயதில் கொல்லப்பட்ட விக்டோரியா கிளிம்பியே, ஐவரி கோஸ்டிலிருந்து படிக்க வைப்பதாகச் சொல்லித் தகப்பனின் உறவுக்காரப் பெண் ஒருத்தி கூட்டிவந்த பிள்ளை. அவள் பெற்றோரும் நல்லதை நினைத்துத்தான் அனுப்பினார்கள். அறிவித்தால் பிள்ளையைப் பறிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். வந்து பார்ப்பார்கள், பிள்ளையோடு தனியாகக் கதைப்பார்கள், உதவியும் சொல்வார்கள்.

காசைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024–25இல் இங்கிலாந்தின் குறைந்தபட்சப் படி, இடத்தையும் பிள்ளையின் வயதையும் பொறுத்து, கிழமைக்குச் சுமார் 165 பவுணிலிருந்து 287 பவுண் வரை. அது பிள்ளைக்கான செலவு. அதற்கு மேல் கேரருக்கான கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஷோர்ட் பிரேக்குக்கு இரவுக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ தருவார்கள். நீங்கள் சுயதொழில் செய்பவராக எச்எம்ஆர்சி என்ற வரித் திணைக்களத்தில் பதிய வேண்டும், ஆனால் வரி பெரும்பாலும் வராது. அதே 2024–25இல் ஒரு வீட்டுக்கு 19,360 பவுணும், அதோடு கிழமைக்கு ஒரு பிள்ளைக்கு 405 பவுணும் (11 வயதும் அதற்கு மேலும் என்றால் 485) வரை வரியில்லை. ஒவ்வொரு ஏப்ரலும் தொகைகள் மாறும். ஷோர்ட் பிரேக்கை மட்டும் வருமானமாக நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த மாதம் உங்களுக்கு எதுவும் இராது.

முதலில் உங்கள் கவுன்சிலுக்கே போன் எடுங்கள். தனியார் அமைப்புகள் சில அதிகம் தரும், ஆதரவும் நன்றாக இருக்கலாம். ஆனால் பக்கத்துப் பிள்ளை தன் பள்ளிக்கூடத்தையும் சிநேகிதரையும் விடாமல் உங்களிடம் இருக்க வேண்டும் என்றால் கவுன்சில்தான் வழி. ஷோர்ட் பிரேக்கில் பெற்றோர் பக்கத்தில் இருப்பது இன்னும் முக்கியம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அங்கீகாரம் பெற முடியாது என்பதால் பதியும் முன் நன்றாகக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஏதும் நடந்தால் யார் போன் எடுப்பார்? என்னோடு வேலை செய்யும் சோஷல் வேர்க்கரிடம் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன? ஏற்கெனவே ஷோர்ட் பிரேக் செய்யும் ஒருவரோடு கதைக்க விடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று உடனே சொல்லாத இடத்தில் நான் சேர மாட்டேன்.

கடைசியாக மாமி. வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் டிபிஎஸ் சோதனை உண்டு, மகளுக்கும்கூட. மாமியோடு தனியாகக் கதைக்கவும் கேட்பார்கள். அவருக்கு ஆங்கிலம் போதாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். உங்கள் கணவரை அந்த இடத்தில் இருத்தாதீர்கள், மாமி மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார். விண்ணப்பம் நிரப்ப முதல், ஒரு பின்னேரம் அவரோடு இருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்: இரவில் கத்தும் பிள்ளை வரலாம், சாமி அறைக்குள் ஓடலாம், எச்சில் கையால் தொடலாம், அடிக்கக் கூடாது, படமெடுத்து வாட்ஸப்பில் ஊருக்கு அனுப்பக் கூடாது. அவர் தயங்கினால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். தேநீருக்கு வரும் அந்தப் பிள்ளை முதலில் பார்க்கப்போவது, உங்கள் வீட்டுக் கூடத்தில் எப்போதும் இருக்கும் அவருடைய முகத்தைத்தான்.